'வொயிட் ரயட்' பாடலைக் கேட்பது எப்படி: பங்க் ராக்கிற்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

லண்டனைச் சேர்ந்த தி கிளாஷ், வேகமும் முரட்டுத்தனமும் கொண்ட ராக் வகையான பங்க்கை வாசித்த இசைக்குழு. அது 1977 மார்ச் 18 அன்று தன் முதல் சிங்கிள் இசைத்தட்டை வெளியிட்டது. அதன் பெயர் 'வொயிட் ரயட்'. தமிழில் சொல்வதானால் 'வெள்ளையர் கலவரம்'. அந்தத் தலைப்பை முதன்முதலாகப் பார்த்தபோது, ஏதோ நிறவெறியர்களின் பாட்டு போலிருக்கிறது என்று எண்ணி, பல ஆண்டுகள் அதைக் கேட்காமலேயே ஒதுக்கி வைத்திருந்தேன். பிற்பாடு கேட்டபோதுதான், நிறவெறிக்கு எதிராக நின்ற இளைஞர்கள் எழுதிய பாடல் அது என்பதும், கறுப்பின மக்களின் எழுச்சியை அருகில் நின்று பார்த்த வெள்ளை இளைஞன் ஒருவனின் வெட்கமும் பொறாமையும்தான் அதன் உள்ளடக்கம் என்பதும் விளங்கின. அரசியல் பங்க் பாடலைக் கேட்கப் பழகுவோர் இந்த ஒரு பாடலிலிருந்து தொடங்கலாம் என்று நான் பரிந்துரைப்பதற்குக் காரணம் இதுதான்: இதன் இசையைத் தனியாகவும் பின்னணியைத் தனியாகவும் அறிந்தால் இரண்டுமே தவறாகப் புரியும், சேர்த்துக் கேட்டால் இரண்டும் ஒன்றையொன்று விளக்கும்.

இதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். பாடலின் இரண்டு பதிவுகள் தேவை: ஒன்று சிங்கிளாக வந்தது, மற்றொன்று 1977 ஏப்ரலில் பிரிட்டனில் வந்த 'தி கிளாஷ்' என்ற முதல் ஆல்பத்தில் உள்ளது. இவற்றோடு அதே ஆல்பத்தின் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' பாடலையும், அதன் மூலமான ஜூனியர் மர்வினின் ஜமைக்கப் பதிவையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் கேட்க வேண்டாம். தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பேஸ் கிதார் அதில் காணாமல் போய்விடும். சாதாரண ஹெட்போன் இருந்தால் போதும்.

முதல் படி: எதையும் படிக்காமல் இரண்டு முறை கேளுங்கள்

ஆல்பம் பதிவை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். முழுப் பாடலும் இரண்டு நிமிடத்திற்குள் முடிந்துவிடும். 'ஒன், டூ, த்ரீ, ஃபோர்' என்று குழுவின் கிதார் கலைஞர் மிக் ஜோன்ஸ் கத்தி எண்ணுவது காதில் விழும். அடுத்த நொடியே எல்லா வாத்தியங்களும் ஒன்றாகப் பாயும். முன்னிசை என்று தனியாக எதுவும் கிடையாது, நீண்ட கிதார் சோலோவும் கிடையாது. 1970-களின் நடுப்பகுதியில் பிரிட்டிஷ் ராக் இசையில் ஒரு பாடல் இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும் நிரப்புவது பெருமைக்குரிய செயலாகக் கருதப்பட்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், இந்தச் சுருக்கமே ஒரு நிலைப்பாடு என்பது புரியும். பாடலின் சொற்கள் பல பிடிபடாது. பரவாயில்லை, ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களுக்கே அவை முதல் தடவையில் பிடிபடுவதில்லை. இந்தக் கட்டத்தில் பாடல் வரிகளை இணையத்தில் தேடாதீர்கள். பாடுபவரின் குரலில் இருப்பது கோபம் மட்டும்தானா, அதற்குள் வேறு ஏதேனும் கலந்திருக்கிறதா என்பதை மட்டும் கவனியுங்கள்.

இரண்டாம் படி: வாத்தியங்களைப் பிரித்துக் கேளுங்கள்

இப்போது ஒரு முறைக்கு ஒரு வாத்தியம் என்று நான்கு முறை கேளுங்கள்.

முதலில் கிதார். பங்க் கிதாரின் அடிப்படையாகிய பவர் கார்டைக் கர்நாடக இசை தெரிந்தவர்களுக்கு எளிதில் விளக்கலாம்: சட்ஜமும் பஞ்சமமும் மட்டுமே சேர்ந்து ஒலிப்பது அது. காந்தாரம் இல்லாததால் அது மேஜரா மைனரா என்ற நிறம் வெளிப்படாது. மகிழ்ச்சி, சோகம் என்று பிரிக்க முடியாத ஒரு முரட்டு ஒலி கிடைக்கும். கார்டை முழுமையாகப் பிடித்தாலும் ஆம்ப்ளிஃபயரின் கரகரப்பும் வேகமும் சேர்ந்து அந்த நுண்மையை அரைத்துவிடும். குழுவின் பாடகரும் இன்னொரு கிதார் கலைஞருமான ஜோ ஸ்ட்ரம்மர் இடக்கைப் பழக்கம் உள்ளவர். ஆனால் கிதாரை வலக்கைக்காரர்களைப் போலவே பிடித்து வாசித்தார். ஆகவே நுணுக்கமாக ஒற்றைத் தந்தியைத் தேர்ந்து மீட்டுவதைவிட, ஆறு தந்திகளையும் சேர்த்து அறைவதே அவருக்கு வாய்த்தது. அவர் சூட்டிக்கொண்ட பெயரின் பொருளும் தந்திகளை வருடி மீட்டுபவர் என்பதே. அவருடைய இயற்பெயர் ஜான் கிரஹாம் மெல்லர். அவர் அறைவது தாளம். அதன் மேல் கூர்மையாகக் கேட்கும் ஒலிகள் மிக் ஜோன்ஸினுடையவை.

அடுத்து பேஸ். பால் சிமனன் ஓர் ஓவியர். குழுவில் சேர்ந்தபோது அவருக்கு எந்த வாத்தியமும் வாசிக்கத் தெரியாது. எந்தச் சுரம் எங்கே இருக்கிறது என்பது தெரியும்படி பேஸ் கிதாரின் கழுத்துப் பகுதியில் சுரங்களின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, ஜோன்ஸ் சொல்லிக்கொடுக்க, ஒவ்வொரு பாட்டாகக் கற்றார். அந்த எழுத்துகளை மனத்தில் வைத்துக்கொண்டு பேஸை மட்டும் தொடர்ந்து கேட்டுப் பாருங்கள். அலங்காரம் ஏதுமின்றி, பிடித்த சுரத்தை விடாமல் இடித்துக்கொண்டே போகும் அந்த வாசிப்பில், 'தேர்ச்சிக்காகக் காத்திருக்காதே, இன்றே தொடங்கு' என்ற பங்க் இயக்கத்தின் முழுக் கொள்கையும் இருக்கிறது.

டிரம்ஸ் வாசிப்பவர் டெரி சைம்ஸ். அப்போதே அவர் குழுவை விட்டு விலக முடிவு செய்திருந்தார். ஆல்பத்தின் உறையில் அவர் பெயரைக் கேலியாக 'டோரி கிரைம்ஸ்' என்று அச்சிட்டார்கள். டோரி என்பது கன்சர்வேட்டிவ் கட்சியினரைக் குறிக்கும் சொல். கிரைம்ஸ் என்றால் குற்றங்கள்.

கடைசியாகக் குரல்கள். ஸ்ட்ரம்மர் சொற்களைக் கடித்துத் துப்புவதைப் போல் பாடுகிறார். பல்லவி வரும்போது மற்றவர்கள் சேர்ந்து கத்துகிறார்கள். கால்பந்து மைதானத்தின் படிக்கட்டுகளில் நிற்கும் கூட்டம் எழுப்பும் கோஷத்தின் வடிவம் அதற்கு உண்டு. பயிற்சி பெற்ற குரல் எதுவும் அங்கே தேவையில்லை; கேட்பவரும் உடனே சேர்ந்து கத்தலாம்.

மூன்றாம் படி: 1976 ஆகஸ்ட் 30-ஆம் நாளை அறிந்துகொள்ளுங்கள்

பாட்டை நிறுத்திவிட்டு இந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும். வரிகளின் பொருள் முழுவதும் இங்கேதான் இருக்கிறது.

மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வந்த மக்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின் குடியேறினர். 1958-இல் அங்கே வெள்ளைக் கும்பல்கள் அவர்களைத் தெருத்தெருவாகத் தாக்கின; மறு ஆண்டு மே மாதம் ஆன்டிகுவாவிலிருந்து வந்த தச்சர் கெல்சோ காக்ரேன் அதே பகுதியில் குத்திக் கொல்லப்பட்டார். அந்த 1958 வன்முறைக்கு மறுமொழியாகவே, டிரினிடாட்டில் பிறந்த பத்திரிகையாளர் கிளாடியா ஜோன்ஸ் 1959 ஜனவரியில் செயின்ட் பாங்க்ரஸ் நகர மண்டபத்தில் ஒரு கரீபியன் கார்னிவலை நடத்தினார். 1960-களின் நடுவில் கார்னிவல் நாட்டிங் ஹில் தெருக்களுக்கு வந்தது. எஃகுப் பீப்பாய்களிலிருந்து உருவான மேளங்கள், உடை அலங்கார ஊர்வலம், பின்னர் ஆளுயர ஒலிபெருக்கிகளை அடுக்கி ஜமைக்காவின் ரெக்கே இசையை ஒலிக்கும் சவுண்ட் சிஸ்டம்கள் என்று ஆண்டுதோறும் அது பெருகியது. ஆகவே அதை வெறும் கேளிக்கை என்று எண்ணிவிடக் கூடாது. தாக்கப்பட்ட தெருவிலேயே தலைநிமிர்ந்து ஆடுவது என்ற முடிவிலிருந்து பிறந்த விழா அது.

1976-ஆம் ஆண்டின் கோடை பிரிட்டனில் வரலாறு காணாத வெயிலும் வறட்சியும் கொண்டது. வேலையில்லாதோர் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டியிருந்தது. பள்ளியை விட்டு வெளியே வரும் பிள்ளைகளுக்கு எதிரே வேலை எதுவும் இல்லை. கறுப்பின இளைஞர்களுக்கு இதற்கு மேலும் ஒரு சுமை இருந்தது. நாடோடிகளைக் கட்டுப்படுத்த 1824-இல் இயற்றப்பட்ட ஒரு பழைய சட்டத்தின் 4-ஆம் பிரிவைக் கொண்டு, 'குற்றம் செய்யும் நோக்கத்தோடு சுற்றுகிறான்' என்ற சந்தேகத்தின் பேரிலேயே காவலர்கள் ஒருவரைக் கைது செய்ய முடியும். மக்கள் இதைச் 'சஸ்' என்று சுருக்கி அழைத்தார்கள். திருட்டு நடந்திருக்க வேண்டியதில்லை, திருட்டுக் கொடுத்தவர் சாட்சி சொல்ல வேண்டியதில்லை; காவலர்களின் வாக்குமூலமே போதும். ஒவ்வொரு நாளும் பேருந்து நிறுத்தத்தில் நிற்பதற்கே அஞ்ச வேண்டிய நிலை என்றால், அந்த வயதில் அது ஒருவனுக்குள் என்ன செய்யும் என்பதை எண்ணிப் பாருங்கள். இந்தச் 'சஸ்' விதி 1981-இல்தான் நீக்கப்பட்டது.

அந்த ஆண்டுக் கார்னிவலுக்கு முந்தைய ஆண்டுகளைப் போல் சில நூறு காவலர்களை அல்லாமல், ஏறத்தாழ 3,000 காவலர்களை அனுப்பினார்கள். ஆகஸ்ட் 30 திங்கட்கிழமை, பொது விடுமுறை. மாலையில் போர்ட்டபெல்லோ சாலைக்கு அருகில் பிக்பாக்கெட் அடித்ததாகச் சந்தேகிக்கப்பட்ட ஒருவரைப் பிடிக்கக் காவலர்கள் முயன்றபோது, சுற்றி நின்ற இளைஞர்கள் அவருக்குத் துணையாக வந்தார்கள். சற்று நேரத்தில் செங்கல்லும் பாட்டிலும் பறந்தன. கேடயம் எதுவும் இல்லாமல் வந்திருந்த காவலர்கள், வீட்டு வாசல்களில் இருந்த குப்பைத் தொட்டிகளின் மூடிகளையும் பால் பாட்டில் அடுக்கும் கிரேட்டுகளையும் எடுத்து முகத்தை மறைத்துக்கொண்டார்கள். 100-க்கும் மேற்பட்ட காவலர்களும் சுமார் 60 பொதுமக்களும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

அந்தக் கூட்டத்துக்குள் ஜோ ஸ்ட்ரம்மரும் பால் சிமனனும் குழுவின் மேலாளர் பெர்னி ரோட்ஸும் இருந்தார்கள். ஸ்ட்ரம்மர் ஒரு காரைக் கொளுத்த முயன்று தோற்றார். கறுப்பின இளைஞர்களில் சிலரோ இவர்களையும் வெளியாட்களாகத்தான் பார்த்தார்கள். இது எங்கள் சண்டை அல்ல என்று அங்கே உணர்ந்ததிலிருந்துதான் பாடல் உருவானது என்று ஸ்ட்ரம்மர் பிற்காலத்தில் பேட்டிகளில் விளக்கினார். வெளிநாட்டுத் துறை அலுவலர் ஒருவரின் மகனாகத் துருக்கியின் அங்காராவில் பிறந்து, விடுதிப் பள்ளியில் படித்து, பிறகு காலி வீடுகளில் குடியேறி வாழ்ந்தவர் அவர். அந்தத் தெருவில் தான் யார் என்ற கேள்வி அவருக்கு எவ்வளவு கூர்மையாக எழுந்திருக்கும் என்பதை இந்தப் பின்னணி உணர்த்துகிறது.

நான்காம் படி: இப்போது வரிகளைப் படியுங்கள்

வரிகள் மிகக் குறைவு. அவற்றின் சாரத்தை என் சொற்களில் தருகிறேன். கறுப்பின மக்களுக்குத் தீராத தொல்லைகள் உண்டு, ஆனால் அவர்கள் கல்லெடுக்கத் தயங்குவதில்லை. வெள்ளைப் பிள்ளைகளோ பள்ளிக்குப் போய் மந்தமாக இருக்கக் கற்றுக்கொள்கிறார்கள். எல்லாரும் சொன்னதைச் செய்கிறார்கள். சிறைக்குப் போக யாருக்கும் விருப்பமில்லை. அதிகாரம் அதை விலைக்கு வாங்கும் வசதி உள்ளவர்களின் கையில் இருக்கிறது. நாமோ முயன்று பார்க்கவும் துணிவின்றித் தெருவில் நடக்கிறோம். இறுதியில் கேட்பவரை நோக்கியே கேள்விகள் வருகின்றன: நீ பொறுப்பைக் கையில் எடுக்கிறாயா, கட்டளைக்குப் பணிகிறாயா? பின்னே போகிறாயா, முன்னே போகிறாயா?

பாடலில் யார் மீது குற்றம் சாட்டப்படுகிறது என்று கவனியுங்கள். 'அவர்கள்' மீது அல்ல, 'நம்' மீது. தலைப்பில் உள்ள 'வெள்ளையர்' என்ற சொல் பெருமைக்காக வைக்கப்படவில்லை. உனக்கென்று ஒரு எதிர்ப்பு ஏன் இல்லை என்று தன் இனத்து இளைஞனையே பாடகர் உலுக்குகிறார். முதல் படியில் குரலில் கோபத்தோடு ஏதோ கலந்திருக்கிறதா என்று கவனிக்கச் சொன்னேன் அல்லவா? அது வெட்கம் என்பது என் முடிவு. இதே இடத்தில் ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். அடக்குமுறைக்கு ஆளானவர்களின் கலவரத்தைப் பார்த்து 'எனக்கும் ஒன்று வேண்டும்' என்று ஏங்குவதில் ஓர் இளமைத்தனமான கற்பனை இருக்கிறது. கல்லெறிந்த பிறகு யார் சிறைக்குப் போகிறார்கள், யார் வீட்டிற்குத் திரும்புகிறார்கள் என்பதை அந்தக் கற்பனை கணக்கில் கொள்வதில்லை. இந்தக் குறையோடு சேர்த்தே நான் இப்பாடலை மதிக்கிறேன்.

ஐந்தாம் படி: இரண்டு பதிவுகளையும் ஒப்பிடுங்கள்

நீங்கள் இதுவரை கேட்ட ஆல்பம் பதிவு, சி.பி.எஸ். இசைத்தட்டு நிறுவனத்துடன் ஒப்பந்தம் ஆவதற்கு முன்பே பீக்கன்ஸ்ஃபீல்டு என்ற ஊரில் எடுக்கப்பட்ட மாதிரிப் பதிவு. ஆல்பத்தின் மற்ற பாடல்கள் 1977-இன் தொடக்கத்தில் லண்டன் விட்ஃபீல்டு தெருவில் உள்ள சி.பி.எஸ். ஒலிப்பதிவுக் கூடத்தில் சில வார இறுதிகளிலேயே பதிவு செய்யப்பட்டன. இந்த ஒன்றை மட்டும் பழையபடியே சேர்த்துக்கொண்டார்கள். சிங்கிளுக்காகப் புதிதாக எடுத்த பதிவோ எண்ணிக்கையுடன் தொடங்காமல் காவல் வண்டியின் சைரன் ஒலியுடன் தொடங்குகிறது. ஒன்றில் நீங்கள் ஒத்திகை அறைக்குள் நிற்கிறீர்கள். மற்றொன்றில் தெருவில் நிற்கிறீர்கள். எனக்குப் பிடித்தது முதலாவது. சைரன் இல்லாமலேயே அந்த வாசிப்பில் பதற்றம் இருக்கிறது. வெளியிலிருந்து ஒலியைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டிய தேவை இல்லை. நீங்கள் வேறு முடிவுக்கு வரலாம்; ஆனால் இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள். இணையச் சேவைகளில் கேட்கும்போது ஒன்றில் கவனமாக இருக்க வேண்டும்: 1979-இல் அமெரிக்காவில் வெளியான அதே பெயருடைய ஆல்பத்தில் இருப்பது சிங்கிள் பதிவு.

ஆறாம் படி: ரெக்கேவுக்குள் செல்லுங்கள்

'வொயிட் ரயட்' இசையில் ரெக்கேயின் சுவடே இல்லை என்று தோன்றும். அதைப் பாடியவர்கள் ஓயாமல் கேட்டது ரெக்கேதான். 1976-77 குளிர்காலத்தில் லண்டனின் ராக்ஸி அரங்கில், மேடை நிகழ்ச்சிகளுக்கு இடையே டான் லெட்ஸ் என்ற கறுப்பின இளைஞர் ஜமைக்க இசைத்தட்டுகளைத்தான் ஒலிக்கச் செய்தார். ஒலிக்கச் செய்யும் அளவுக்குப் பங்க் இசைத்தட்டுகள் அப்போது வந்திருக்கவில்லை. பங்க் ரசிகர்களின் காதுகள் அந்த இரவுகளில் ரெக்கேவுக்குப் பழகின.

ஜூனியர் மர்வினின் 'போலீஸ் அண்ட் தீவ்ஸ்' ஜமைக்க இசைத் தயாரிப்பாளர் லீ பெர்ரியின் தயாரிப்பில் 1976-இல் வந்தது. கார்னிவல் நடந்த அந்தக் கோடையில் லண்டனில் எங்கும் ஒலித்த பாட்டு அது. மெல்லிய உச்சக் குரலில், காவலர்களும் திருடர்களும் ஒரே தெருவில் மக்களை அச்சுறுத்துவதை மர்வின் பாடுகிறார். அதில் பேஸ் முன்னால் நடக்கும். கிதார் தாளத்தின் எதிரடியில், அதாவது இரண்டு அடிகளுக்கு நடுவில், மட்டும் சுருக்கென்று வெட்டும். இதைக் கேட்டுவிட்டுக் கிளாஷின் பதிவைக் கேளுங்கள். ஒரு கிதார் தாளத்தின் மீதும் மற்றொன்று எதிரடியிலும் விழும்படி அமைத்து, ஆறு நிமிடம் நீளவிட்டிருக்கிறார்கள். ஜமைக்கர்களைப் போல் வாசிக்க முயலாமல், தங்கள் முரட்டுக் கைகளாலேயே அதை வாசித்ததுதான் அவர்களின் நேர்மை. பாப் மார்லியும் லீ பெர்ரியும் சேர்ந்து 1977-இல் பதிவு செய்த 'பங்கி ரெக்கே பார்ட்டி'யில் கிளாஷின் பெயர் வருகிறது; அதே ஆண்டில் பெர்ரி அவர்களுடைய 'கம்ப்ளீட் கன்ட்ரோல்' சிங்கிளையும் தயாரித்தார்.

ஏழாம் படி: உறைகளைப் பாருங்கள்

சிங்கிளின் உறைப் படத்தை எடுத்தவர் கரோலின் கூன். ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ், சிமனன் மூவரும் கைகளை உயர்த்திச் சுவரைப் பார்த்து, நமக்கு முதுகைக் காட்டி நிற்கிறார்கள். தெருவில் காவலர் நிறுத்திச் சோதனை போடும்போது நிற்கும் நிலை அது. உடைகளில் ஸ்டென்சிலால் பதித்த சொற்களில் 'வெறுப்பும் போரும்' என்பதும் ஒன்று. 1960-களின் 'அமைதியும் அன்பும்' என்பதைத் தலைகீழாக்கியது அது. ஆல்பத்தின் பின்பக்கத்தில் ராக்கோ மக்காலே எடுத்த படம் இருக்கிறது: நாட்டிங் ஹில்லில் காவலர்கள் பாய்ந்து ஓடிவரும் காட்சி. பாடல் எந்த நாளிலிருந்து வந்தது என்பதை அவர்கள் மறைக்கவில்லை.

எட்டாம் படி: பாடல் பிறகு எங்கெல்லாம் சென்றது என்று பாருங்கள்

1976 ஆகஸ்ட் 5 அன்று பர்மிங்ஹாம் மேடையில் கிதார் கலைஞர் எரிக் கிளாப்டன், குடியேறியவர்களை எதிர்த்த அரசியல்வாதி ஈனக் பவலை ஆதரித்துப் பேசினார். கறுப்பினத்தாரின் இசையால் வாழ்ந்த ஒருவர் இப்படிப் பேசியதைக் கண்டித்து ரெட் சாண்டர்ஸும் நண்பர்களும் இசைப் பத்திரிகைகளுக்குக் கடிதம் எழுத, 'ராக் அகெய்ன்ஸ்ட் ரேசிசம்' என்ற இயக்கம் உருவானது. 1977 மே மாத லண்டன் பெருநகரத் தேர்தலில் நிறவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரன்ட் சுமார் 1,19,000 வாக்குகள் பெற்ற காலம் அது. தலைப்பை மட்டும் படித்துவிட்டு இந்தப் பாட்டைத் தங்களுடையதாக்கிக்கொள்ள நினைத்தவர்களும் இருந்தார்கள். அதற்கான தெளிவான மறுப்பு 1978 ஏப்ரல் 30 அன்று கிடைத்தது. டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பூங்கா வரை பல்லாயிரம் பேர் நடந்தே சென்றார்கள். அங்கே பர்மிங்ஹாமின் ரெக்கே குழுவான ஸ்டீல் பல்ஸ், எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், டாம் ராபின்சன் குழு ஆகியோரோடு கிளாஷும் மேடையேறினர். 'வொயிட் ரயட்' பாடும்போது ஷாம் 69 என்ற பங்க் குழுவின் பாடகர் ஜிம்மி பர்சி வந்து சேர்ந்துகொண்டார். அவருடைய ரசிகர்களுக்குள் நிறவெறியர்களும் ஊடுருவியிருந்தனர் என்பதால், அவர் அந்த மேடையில் நின்றதே அவர்களுக்குச் சொன்ன பதிலாக அமைந்தது. 1980-இல் வெளியான 'ரூட் பாய்' படத்தில் இந்தக் காட்சியைப் பார்க்கலாம், தவறாமல் பாருங்கள்.

குழுவுக்குள்ளேயே இப்பாடல் ஒரு பிளவாகவும் ஆனது. தங்கள் இசை வளர்ந்துவிட்டது என்று கருதிய ஜோன்ஸ் இதை இனி வாசிக்க வேண்டாம் என்றார். 1980-இல் ஷெஃபீல்டு நிகழ்ச்சியின்போது இதன் பொருட்டு ஸ்ட்ரம்மர் அவர் முகத்தில் குத்தும் அளவுக்குச் சண்டை முற்றியது.

கடைசியாக, 1982-இல் வந்த 'ஸ்ட்ரெயிட் டு ஹெல்' பாடலைக் கேளுங்கள். ஆறு ஆண்டுகளில் அவர்கள் வந்து சேர்ந்த தொலைவு அதில் தெரியும். கத்தல் அடங்கிவிட்டது, எஃகு ஆலைகள் மூடப்பட்ட ஊரில் யாரும் வேண்டாத குடியேறியவர்களையும், வியட்நாமில் அமெரிக்கச் சிப்பாய்கள் விட்டுச்சென்ற பிள்ளைகளையும் பற்றி ஸ்ட்ரம்மர் தணிந்த குரலில் பாடுகிறார். 'எனக்கும் ஒரு கலவரம் வேண்டும்' என்றவர், இப்போது தன்னை விலக்கிக்கொண்டு மற்றவரின் கதையைக் கேட்கிறார். அதன் தொடக்கக் கிதாரொலி உங்களுக்கு ஏற்கெனவே பழகியதாக இருக்கக்கூடும். இலங்கைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, போரின் காரணமாக லண்டனுக்கு வந்து வளர்ந்த எம்.ஐ.ஏ. என்கிற மாதங்கி அருள்பிரகாசம், 2007-இல் தன் தாயின் பெயரைச் சூட்டி வெளியிட்ட 'கலா' ஆல்பத்தின் 'பேப்பர் பிளேன்ஸ்' பாடலை அந்த ஒலியின் மீதுதான் கட்டினார். குடியேறியவர்களைப் பார்த்துச் சமூகம் கொள்ளும் அச்சத்தை, குடியேறிய ஒருத்தியின் குரலாலேயே அது பாடுகிறது. அந்தப் பாட்டை எழுதியவர்களின் பட்டியலில் அவருடைய பெயரோடு ஸ்ட்ரம்மர், ஜோன்ஸ், சிமனன், சைம்ஸுக்குப் பின் டிரம்ஸ் வாசித்த டாப்பர் ஹெடன் ஆகிய நால்வரின் பெயர்களும் சேர்ந்தே அச்சாகியிருக்கின்றன.